புத்தூருக்குப் போன பட்டும் பின்சக்கர ஸ்பிரிங்கும்

தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு இந்த எழுபது வயதிலும் பழகவில்லை. பழகியிருந்தால் என் இடுப்பும் ஒரு பட்டுப் புடவையும் தப்பித்திருக்கும்.

நாலு வருஷம் முன்னால் என் சின்ன மகனுக்கு, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைக்கும் புடவையை நானே நெய்வேன் என்று (யாரும் கேட்காமலே) திருத்தணி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கடைசி முழம் முடிந்து தறியிலிருந்து அறுத்தெடுத்ததே அன்று காலையில்தான். அதற்குள் எல்லோரும் வேனில் போய்விட்டார்கள். மிச்சம் நானும் பெரியவன் குமாரும் அவன் பைக்கும். புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்குமுன் புடவை தட்டில் இருக்க வேண்டும்.

வேனில் இடமில்லாத தேங்காய் மூட்டை, வெல்லம், அதிரசத் தூக்கு எல்லாம் பைக்கில் ஏறின. புடவைப் பையை, கசங்கக் கூடாதென்று, சீட்டுக்குப் பின்னால் நானே கட்டித் தொங்கவிட்டேன்.

குமார் வழியில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினான். அந்த ஆள் ஸ்பேனரை மாட்டிப் பின்சக்கரத்து ஸ்பிரிங்கை இறுக்கினார்.

"பின்னாடி ரெண்டு ஆளு வெயிட்டு இருக்குதும்மா. நல்லா இறுக்கி கடைசி ஸ்டெப்ல வெச்சிருக்கேன்."

"நான் ஒருத்திதானே குந்தப் போறேன்?"

"மூட்டைய சேத்து சொன்னேம்மா." (பார்வை மூட்டைமேல் இல்லை.)

ரெண்டு கிலோமீட்டர் போவதற்குள் கருங்கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "நிறுத்துடா. ஸ்பிரிங்கை தளத்து."

"லோடு இருக்குதும்மா. தளத்தக் கூடாது."

"அம்பது வருசமா தறியில குந்திகினு இருக்கேன். எனக்கு இறுக்கம் சொல்லித் தர்றியா? தறியில பாவு நூலை இப்டி இறுக்கினா அறுந்துடும். தளத்தினாதான் ஏறுவேன்."

பெற்ற பிள்ளை, என்ன செய்வான்? வண்டியிலிருந்த ஸ்பேனரால் கடைசி ஸ்டெப்பிலிருந்து முதல் ஸ்டெப்புக்கு இறக்கிவிட்டான்.

அப்புறம் தொட்டில் மாதிரி போனது. "பாத்தியா?" என்று நாலு தடவை கேட்டேன். ஆந்திரா எல்லை தாண்டி முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியதில், அடியில் இரும்பும் இரும்பும் மோதின. என் இடுப்பில் ஏதோ இடம் மாறியது. தேங்காய்கள் முதுகில் குத்தின. அடுத்த பள்ளத்தில் தீய்ந்த வாடை.

"யாரோ மொளகா வறுக்கறாங்கடா."

"அம்மா, அது நம்ம வண்டி!"

வண்டி பின்பக்கம் தாழ்ந்ததில் பை டயரில் உரசியிருக்கிறது. பையைத் தின்ற டயர் புடவையையும் தொட்டுவிட்டது. வெளி மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மூன்று மாத உழைப்பு.

குமார் திட்டவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இப்பனாச்சும் கடைசி ஸ்டெப்ல வெக்கட்டுமா?"

"ஆங்" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கிய என்னைப் பெண்ணின் சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார். "எலும்புக்கு கட்டு போடறது அடுத்த தெருவும்மா. இது விசேஷ வீடு."

"நான் மாப்பிள்ளையோட அம்மா!"

ஓட்டையை உள்ளே மடித்துத் தட்டில் வைத்தேன். பெண் புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் உடுத்தி வரும்வரை சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

வந்தாள். ஓட்டையைக் காணோம். என் காலில் விழுந்து எழுந்தவள் காதோரம் சொன்னாள்: "இடுப்புல உள்ள சொருகிகினேன் அத்தை. பயப்படாதீங்க."

இன்று வரை அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. (குமார்தான் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.) ஆனால் குக்கரோ, செல்போனோ, எதைப் பற்றியாவது நான் "அம்பது வருசமா" என்று ஆரம்பித்தால் போதும். பிள்ளைகள் "கடைசி ஸ்டெப்!" என்று கத்துவார்கள். அவள் மட்டும் கொசுவத்தைச் சரிசெய்வது மாதிரி இடுப்பைத் தொட்டுக்கொள்வாள்.

நான் வாயை மூடிக்கொள்வேன்.