இக்னாத் நாளும் உன் பன்றியின் வயிறும்

வலேனி, நவம்பர் 27

மதிப்புக்குரிய அக்கா சவேத்தா அவர்களுக்கு,

உடன்பிறந்த தம்பி தியோஃபில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. தூரின் நகரத்தில் தாங்களும், தாங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சளி, முட்டிவலி எதுவுமின்றி இருக்க தேவமாதாவை வேண்டுகிறேன். இங்கே நான் நலம். வாத்துகள் நலம். ஆட்டுக்கடாவுக்கு ஒரு கொம்பு போய்விட்டது, மற்றபடி நலம். ஈஸ்டருக்கு வந்தபோது நீ குட்டியாக வாங்கி என்னிடம் விட்டுப்போன பன்றியும் நலமோ நலம். அதுதான் அக்கா சிக்கல். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு உன் இத்தாலிச் சம்பந்திகள் முதல்முறையாக நம் வீட்டுக்கு வருகிறார்கள், வீட்டுப் பன்றியில் செய்த சாசேஜ் இல்லாமல் அவர்கள் முன் தலைகாட்ட முடியாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. டிசம்பர் இருபது, இக்னாத் நாளன்று, ஊரோடு சேர்ந்து நாமும் பன்றியை அறுக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு ஓனுஃப்ரேயால் வந்தது. ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் கத்தி வைக்கிற மனுஷன் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? ஓக் கொட்டை தின்ற பன்றியின் கொழுப்புக்கு ஈடே இல்லை என்றார். அக்டோபரில் ஒரு நாள் காலையில் காட்டுக்குத் திறந்துவிட்டேன், சாயங்காலம் கொம்பு ஊதினேன், பன்றி வந்தது, அதன் பின்னாலேயே ஒரு காட்டுப்பன்றியும் வந்தது. நாயை ஏவினேன். ஓநாய் என்று நீ ஆசையாகப் பெயர் வைத்த அந்த நாய், சாராயம் காய்ச்சும் அண்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டுக்கடா ரோஷத்தோடு போய் முட்டியது. கொம்பு போனது அப்போதுதான். கடைசியில் வெள்ளை வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு போய் அதன் வாலைக் கவ்வியது பார், காட்டுப்பன்றி வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் நான் ஊதுகொம்பை எடுப்பதற்கு முன்பே இரண்டும் ஜோடியாக வாசலில் நின்றன.

அன்றிலிருந்து ஊர் அதை நம் வீட்டு மாப்பிள்ளை என்கிறது. மாப்பிள்ளை உன் பூசணிக்காய் அத்தனையையும் தின்றுவிட்டார், மக்காச்சோளத்தில் பாதி காலி. வனக்காவலரைக் கூட்டிவந்தேன். அனுமதி இல்லாமல் சுட முடியாது என்றார், என் பன்றி இனிமேல் காட்டு விலங்கை மயக்காது என்று என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. போன வாரம் ஓனுஃப்ரே வந்து உன் பன்றியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "இது மாசமா இருக்கு தியோஃபிலு. வயித்துல குட்டியோட இருக்கிறது மேல நான் கத்தி வைக்கமாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இரக்கப்படுகிறவன் பக்கத்தில் நின்றால் பன்றிக்கு உயிர் போகாது என்பார்கள், போன வருஷத்துப் பன்றி மூன்று முறை கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது என்னால்தான். "உன் மூஞ்சியப் பாத்தாலே பன்னிக்குத் தெம்பு வந்துருது, ஆத்தங்கரையில போய் நில்லு" என்று ஓனுஃப்ரே என்னைத் துரத்தியது உண்மைதான். ஆனால் இந்த முறை என் இரக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே சாசேஜை அங்கேயே வாங்கி வந்துவிடு. நம் புகைக்கூண்டில் இரண்டு நாள் தொங்கவிட்டுத் தருகிறேன், வீட்டுச் சரக்கென்றே நம்புவார்கள்.

தேவமாதாவும் நம் ஊர்ப் புனிதர்கள் அத்தனை பேரும் உன்னைப் பத்திரமாகப் பேருந்தில் ஏற்றி, பத்திரமாக இறக்கிவிடட்டும். அந்த அம்மாளுக்கு என் வணக்கம்.

உன் கையை முத்தமிடும் தம்பி,
தியோஃபில்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கால்நடை டாக்டர் வந்தார். பன்றி மாசமாக இல்லையாம். வயிறு முழுக்க ஓக் கொட்டையாம். மாப்பிள்ளையைப் பின்பக்கமாக நின்று பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அது பெண்ணாம். இத்தனை நாளும் இரண்டும் சிநேகிதிகளாகத்தான் சுற்றியிருக்கின்றன. பல்லைப் பார்த்துப் பயந்து ஊரில் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. ஓனுஃப்ரே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, சாசேஜ் வாங்க வேண்டாம்.

ஆனால் அக்கா, ஒன்றை மறைத்துவிட்டேன். இக்னாத் பன்றிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் வைத்துவிட்டேன். நீ போன ஆறு வருஷமாக இந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை, எனக்குக் கஷ்டமாக இருந்தது, வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது வாசலில் நின்று "சவேத்தா" என்றால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுகிறாள். கோபப்படாதே. இருபதாம் தேதி காலையில் அவளை வெளியே கூப்பிட வேண்டியவன் நான்தான். எனக்கு வாய் வராது. சாசேஜை வாங்கிக்கொண்டே வந்துவிடு.