மந்திரித்த கக்கூஸ்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துப் புதுச்சேரியில் கவர்னருக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். போலீசுக்குப் பயப்படாதவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். சவுக்கார முசியேவுக்குப் பயப்படாத ஒருவரை நான் பார்த்ததில்லை. கவர்னரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. முசியே, அதாவது ஐயா, என்றால் அவர்தான். சுகாதார இலாகாவில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்ப்பது அவர் உத்தியோகம். வெள்ளை சூட்டு, நெட்டித் தொப்பி, ஒரு சைக்கிள். அந்த சைக்கிளின் கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு சவுக்காரக் கட்டி தொங்கும். மழை நாளில் அது நனைந்து நுரை தள்ளிக்கொண்டே வரும். ரெட்டியார்பாளையம் ரோட்டில் வெள்ளையாக நுரை சிந்தியிருந்தால் போதும், வழியில் உள்ள வாத்தியார்கள் எல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கைகுலுக்க வேண்டும். அது வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போன மரியாதை. முசியேவும் கைகுலுக்குவார். ஆனால் நீட்டிய கையைப் பிடித்ததும் "லே மேன்" என்பார். கைகள் என்று அர்த்தம். உடனே கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார், மறுபடி திருப்பி நகத்தைப் பார்ப்பார், திருப்தியானால்தான் குலுக்குவார். இல்லையென்றால் கையை அதன் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மோதிரம் போடப்போன மாப்பிள்ளையை நிறுத்திக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். பூசையில் நன்மை அப்பம் வாங்க முழந்தாளிடும்போதுகூட ஒரு கண்ணால் பங்குச் சாமியாரின் நகத்தைத்தான் பார்ப்பார் என்று பேச்சு. சாமியாரும் அந்தப் பேச்சைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நகம் பளபளவென்று இருக்கும்.

நான் அப்போது ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மத்மசேல். அதாவது கல்யாணமாகாத டீச்சரம்மா. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே கூடம். சுவரில் பிரான்ஸ் தேசத்துப் படம் தொங்கியது. அந்தத் தேசத்து நதிகள் அத்தனையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவசரத்துக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. பிள்ளைகள் எதிரே பனந்தோப்புக்குப் போவார்கள். தோப்பு ஓரத்தில் கள்ளுக்கடை. நான் எங்கே போவேன் என்று கேட்காதீர்கள். பொழுது விடிந்து பள்ளிக்கூடம் விடும் வரை நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, அந்த நதிகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

முசியே முதல்முதல் வந்த அன்று என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"லே மேன், மத்மசேல். இது என்னா வெள்ளையா?"

"சாக்பீஸ்ங்க முசியே. அழுக்கு இல்ல."

"வயித்துக்குள்ள போச்சின்னா எல்லாம் அழுக்குதான். கழுவிட்டு வாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் அவர் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தார்.

"பிள்ளைங்க எல்லாம் எங்க ஒதுங்கறாங்க?"

"தோப்புக்குப் போவாங்க."

"நீங்க?"

கவிழ்த்து வைத்திருந்த என் தண்ணீர்க் குவளையைக் காட்டினேன். முசியேவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சவ ஊர்வலம் எதிரே வந்தால்தான் எங்கள் ஊரில் அப்படிக் கழற்றுவார்கள். அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிலோமின் விஷயம் வந்தது. பிலோமின் என் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரி. செர்த்திபிகா என்று ஒரு பரீட்சை உண்டு. அதில் தேறினால் பட்டணத்தில் மேலே படிக்கலாம், பிற்பாடு என்னைப்போல மத்மசேல் ஆகலாம். அவள் எழுதினால் நிச்சயம் தேறுவாள். ஆனால் அவள் தாயார் அமலோற்பவம் ஒருநாள் வந்து வாசலில் நின்றாள்.

"மத்மசேல், பொண்ணு வளந்துட்டா. இனிமே அனுப்பமாட்டேன்."

அமலோற்பவம் அந்தக் கள்ளுக்கடை வாசலில்தான் வறுத்த கடலை விற்றாள். அங்கே வரும் ஆண்களின் யோக்கியதை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தற்செயலாக அன்று முசியேவும் இருந்தார்.

"ஏம்மா, பரீச்சைக்குக் கொஞ்ச மாசம்தான் இருக்குது."

"இருக்கட்டுங்க. இவ தோப்புக்குப் போறப்போ நாலு பேரு அங்க குந்திக்கினு பாக்கறானுங்க. உங்க பரீச்சை வந்து அவனுங்க கண்ணப் பொத்துமா?"

முசியே எதிரே தோப்பைப் பார்த்தார். "ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தா அனுப்புவியா?"

"கட்டுங்க. கிறிஸ்மசு வரைக்கும் பாக்கறேன்" என்றாள் அமலோற்பவம். கட்டவா போகிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு. எனக்கும் அதே நினைப்புதான்.

கக்கூஸ் கட்ட உத்தரவு தரவேண்டியவர் அந்த வட்டாரத்து மேர். ஊராட்சித் தலைவர் மாதிரி. முசியே அவர் வீட்டுக்கு அலைந்து அலைந்து சைக்கிள் டயர் தேய்ந்ததுதான் மிச்சம். மேர் பார்க்கலாம் என்பார், நீங்கள் போகலாம் என்பார். அவர் வீட்டில் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று இருந்தது. அதனால் அவசரம் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தது. மேர்தான் தலைமை. முசியே தாமாகவே முன்வந்து உபசரிப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மேர் வந்து உட்கார்ந்ததும் ஓர் இளநீர். வாழ்த்துப்பா முடிந்ததும் ஓர் இளநீர். "வெய்யிலுங்க, உடம்புக்கு நல்லது" என்று கும்மிக்கு நடுவே இன்னொன்று. நிகழ்ச்சிகளை வேறு முசியே நீட்டிக்கொண்டே போனார். ஒரு சின்னப் பெண் பிரெஞ்சுப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். முசியே எழுந்து கைதட்டி, மறுபடியும் பாடச் சொன்னார். மேர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை. கடைசியில் முசியேவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இங்க எங்க போறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அதோ, அந்தத் தோப்புங்க" என்றார் முசியே. "தாராளமா போங்க."

விழா பார்க்க ஊரே அந்தத் தோப்பில் கூடி நின்றது. மேர் தோப்பைப் பார்த்தார். இடுப்பில் பட்டை வைத்து இறுக்கித் தைத்த தன் சூட்டைப் பார்த்தார். முசியேவைப் பார்த்தார். தலைமையுரையை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். அதில் ஒரு வாக்கியம், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு உடனே கக்கூஸ் கட்டப்படும் என்பது. பிறகு அவர் வண்டி போன வேகத்தில் எழுந்த புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கட்டட வேலை நடந்தபோது முசியே பண்ணிய அமர்க்களம் கொஞ்சமல்ல. கொத்தனாரைத் தினம் நாலு தடவை கை கழுவ வைத்தார். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசச் சொன்னார். சிவப்புத் தரை, பச்சைக் கதவு, மேலே காற்றுக்குச் சின்ன ஜன்னல். முடிந்தபோது ஊரிலேயே லட்சணமான கட்டடம் அதுதான். இரண்டு பேர் வாடகைக்குக் கேட்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. சந்தோஷம் தலைக்கேறி முசியே ஒரு காரியம் செய்தார். எங்கள் ஜனங்கள் புது வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் வண்டி வாங்கினாலும் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துத்தான் புழங்குவார்கள். அப்படிச் செய்தால்தான் ஜனங்கள் இதையும் தங்களுடையதாக நினைப்பார்கள் என்று கோயிலுக்குப் போய்க் கேட்டார்.

சாமியார் தாடியைத் தடவினார். "படகு மந்திரிச்சிருக்கேன். செக்கு மந்திரிச்சிருக்கேன். இது எனக்குப் புதுசு."

"மனுஷனுக்கு வேண்டியதுதானே சாமி."

சாமியார் நல்லவர், வந்தார். செபம் சொல்லி நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்தார். ஊரே முழந்தாளிட்டது. நானும்தான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போனால், கக்கூஸ் வாசலில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. கதவில் சாமந்திச் சரம். பிள்ளைகள் அதைத் தாண்டும்போது நின்று சிலுவை போட்டுக்கொண்டு, நேராகப் பனந்தோப்புக்குப் போகிறார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளையில்லாதவள் ஒருத்தி கதவுக் கொண்டியில் துணித் தொட்டில் கட்டிவிட்டாள். அமலோற்பவத்திடம் போய்க் கேட்டேன்.

"மந்திரிச்ச எடத்துல போயி... அய்யோ, எம் பொண்ண நரகத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா? நான் கேட்டது கக்கூசு. நீங்க கட்டுனது கோயிலு. கிறிஸ்மசு வந்துடுச்சி மத்மசேல், அவள நிறுத்திடறேன்."

முசியே இடிந்துபோனார். மந்திரித்ததை எடுக்க முடியுமா என்று சாமியாரிடம் கேட்டார். அதற்குப் புத்தகத்தில் செபம் இல்லை என்று சாமியாரும் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு என் வகுப்பில் பின்பெஞ்சியில் வந்து உட்கார்ந்தார். பிலோமின் எழுதும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் யார் கையையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து ஊர் முழுக்க வெளியே வருகிறது. பள்ளிக்கூடம் கோயிலுக்குப் பக்கத்திலேதான். அங்கே முசியே, கஞ்சி போட்ட சூட்டில், ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் சவுக்காரக் கட்டியோடு நிற்கிறார். எல்லாரும் பார்க்க விறைப்பாக நடந்துபோய்க் கதவைத் திறந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். இடி விழவில்லை. முசியே வெளியே வந்தார், ஆற அமரக் கை கழுவினார், "பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல" என்றார்.

"ஆம்பளைக்கு இன்னா" என்றாள் அமலோற்பவம். "அவங்க எங்க வேணா போவாங்க."

பெண்கள் எல்லாம் ஆமாம் என்றார்கள். முசியேவின் முகம் விழுந்துவிட்டது. பிலோமின் தாயாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிறகு செபப்புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, முசியேவிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமாகாத பெண் நான். முக்காடு போட்டிருந்தும் முகம் பற்றி எரிந்தது. ஊர் ஆண்கள் அத்தனை பேர் கண்ணும் என் முதுகில். நாலு எட்டு வைத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"லே மேன்! எல்லாரும் கைய நீட்டுங்க. ம், சீக்கிரம். பெரியவரே, உங்களத்தான். திருப்புங்க. நகத்தக் காட்டுங்க. தலைய நிமுத்தாதீங்க, கையப் பாருங்க, கையப் பாருங்க."

ஊர் மொத்தமும் பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு, அவரவர் கையையே குனிந்து பார்த்தது. சாமியார்கூட நீட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போனதையும் ஒருவரும் பார்க்கவில்லை, வெளியே வந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. நான் வந்து கை கழுவி முடிக்கிற வரைக்கும் முசியே பரிசோதனையை நிறுத்தவில்லை. கடைசிவரை எனக்கு முதுகைக் காட்டியே நின்றார். அந்த முதுகுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பிலோமின் என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். தாயாரைப் பார்த்தாள். அமலோற்பவம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகு பெருமூச்சு விட்டாள்.

"போறது போற. சிலுவ போட்டுக்கினு போ."

அடுத்து வந்த பரீட்சையில் பிலோமின் செர்த்திபிகா தேறினாள். அதே மாதத்தில் முசியேவைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். இளநீர் விஷயத்தை மேர் மறக்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். நானும் பிலோமினும் ரயிலடிக்கு வழியனுப்பப் போனோம். கார்டு வண்டியில் சைக்கிளை ஏற்றிவிட்டு வந்து, முசியே பெரிய மனிதர்களுக்கு நீட்டுவதுபோல பிலோமினுக்குக் கை நீட்டினார்.

அந்தக் குட்டி அதைப் பிடித்துக் குலுக்கவில்லை. "லே மேன், முசியே" என்றாள். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி திருப்பி ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். சைக்கிள் சங்கிலியின் மை விரலில் ஒட்டியிருந்தது. தாவணி முனையை எச்சில் பண்ணித் துடைக்கப் போனாள்.

"எச்சியில துடைக்கக் கூடாது" என்றார் முசியே. கையை மட்டும் அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் இதை எழுத உட்காருமுன் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதுகிற கை, அவர் பிடித்துக் குலுக்குகிற மாதிரி இருக்க வேண்டாமா?