அப்பா வெட்டிய வளையம்

குக்கர் விசில் அடிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. அடித்திருந்தால் காலை பத்து மணிக்கு நாங்கள் நாலு பேர் கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் குந்தியிருக்க மாட்டோம்.

விசிலுக்குப் பதிலாக 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நிற்கவே இல்லை. பாம்பு சீறினால்கூட நடுவில் ஒரு மூச்சு வாங்கும். இது வாங்கவில்லை. எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். சத்தம் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசற்கதவு திரையை ஒட்டியே இருக்கிறது. வெளியே ஓட வேண்டுமென்றால் குக்கரைத் தாண்டித்தான் ஓட வேண்டும். யாரும் ஓடவில்லை.

கட்டிலுக்குப் பின்னால் வரிசை இப்படி. மூலையில், இரண்டு சுவரும் சேருகிற பத்திரமான இடத்தில் அப்பா. அவரை ஒட்டி, பக்கத்து வீட்டு கம்பவுண்டர். அப்புறம் நான். கடைசியில், பாதி உடம்பு வெளியே தெரிய, அம்மா. அந்த மூலையை யாரும் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

கம்பவுண்டர் தன்னுடைய நேற்றைய பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தார். அது எங்கள் வீட்டில் இருந்ததற்கும், குக்கர் சீறியதற்கும், நான் பயத்தில் நகத்தைக் கடித்துத் துப்பியதற்கும் காரணம் ஒன்றுதான். அப்பாவின் சிக்கனம்.

அப்பா தெருமுனையில் டயர் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவார். நல்ல தொழிலாளி, அதில் குறை சொல்ல முடியாது. மற்ற கடைகளில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். அப்பாவுக்குத் தொட்டி வேண்டாம். டியூபைக் காதோரம் வைத்துச் சுற்றுவார், ஓட்டையைச் சொல்லிவிடுவார். ஊசி குத்தினதா, ஆணி குத்தினதா என்பதுகூடச் சொல்வார். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார்.

ஒரு மாதத்துக்கு முன் கம்பவுண்டர் தன் பேப்பரில் வந்த ஒரு பக்கத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். வீட்டுச் செலவைக் குறைக்க வழிகள். அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பேப்பரையும் நிறுத்திவிட்டார். கம்பவுண்டர் வீட்டுப் பேப்பரே போதுமாம்.

அதோடு நின்றதா? வீட்டில் ஐந்து பல்பு இருந்தது, நாலைக் கழற்றிவிட்டார். மிச்சமிருந்த ஒன்றை யார் எந்த அறைக்குப் போகிறார்களோ அவர்கள் துணி சுற்றிக் கையில் எடுத்துப் போக வேண்டும். சுடும். குளிக்கிற சோப்பை நூலால் மூன்றாக அறுத்துத் தலைக்கு ஒரு துண்டு கொடுத்தார். என் துண்டு நாலாம் நாள் சாக்கடைக்குள் போய்விட்டது. தேடச் சொன்னார். நாற்காலியின் கால் உடைந்தபோது புது நாற்காலி வாங்கவில்லை. கடையிலிருந்து ஒரு பழைய லாரி டியூபைக் கொண்டுவந்து, காற்றடித்து, மேலே போர்வையை விரித்து, சோபா என்றார். அதில் உட்காரலாம். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டும்.

நியாயமாகச் சொல்கிறேன், எல்லாமே கிறுக்குத்தனம் இல்லை. பேஸ்ட் தீர்ந்ததும் அதன் டியூபைக் கத்தரித்து உள்ளே வழிப்பது நல்ல யோசனை. இன்னும் மூன்று நாள் வரும். நான் இப்போதும் செய்கிறேன்.

ஆனால் போன வாரம் என் பஸ் பாஸில் கை வைத்தார்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு ஸ்டாப் தள்ளி ஒரு அக்கா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஐந்து மாதமாக அங்கே வேலை கற்றுக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அந்தக் கம்ப்ரஸர்தான். அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார், இன்னொரு நாள் லேட்டாக வந்தால் அப்புறம் வரவே வேண்டாம் என்று. பாஸ் குக்கர் சீறிய அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை அக்கா கடை லீவு, ஆனால் பாஸ் கொடுக்கிற கவுண்டரைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். அப்பா பணம் தர மாட்டேன் என்றார். நடந்து போ, உடம்புக்கு நல்லது என்றார். முடியாதென்றால் தன் கடைக்கு வந்து பம்ப் அடி என்றார். அழுது பார்த்தேன். கண்ணீருக்கு அந்தப் பேப்பர் துண்டில் இடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் குக்கர். அதன் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி ஓரமாகக் கசிந்தது. கடையில் புது வளையம் வாங்கி வரும்படி அம்மா சொன்னாள். அப்பா சிரித்தார். ரப்பரிலேயே பிழைக்கிறவன் ரப்பரைக் காசு கொடுத்து வாங்குவதா? ஸ்கூட்டர் டியூபை எடுத்தார், கத்தரிக்கோலை எடுத்தார், வட்டமாக வெட்டி, பசை போட்டு ஒட்டி, அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பு மேடையில் வைத்தாள்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை எழுந்ததும் அம்மா லாரி டியூபை உருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உட்கார்ந்து கிழங்கு நறுக்கப் போகிறாளாம். கொஞ்ச நேரத்தில் அந்த உஸ்ஸ். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"என்னங்க, சத்தத்தைக் கேளுங்க. உங்க வளையம்தான் மாட்டியிருக்கு."

அப்பாதான் கட்டிலை நிமிர்த்தினார். அவ்வளவு வேகமாக அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து கம்பவுண்டர் பேப்பர் கேட்டு உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் கட்டிலுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

நானும் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அக்கா கடையில் ஒரு சிலிண்டர் வாய் பிய்த்துக்கொண்டு போன அடையாளம் சுவரில் இருக்கிறது. அந்த ஓட்டையில் கை நுழையும். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள் என்று. அப்பா, நீ போயேன் என்றார். வளையம் வெட்டியது யார் என்று அம்மா கேட்டாள். அப்பா பேச்சை மாற்றினார். கேஸ் தானாகத் தீரட்டும், தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும், அதுவரை இங்கேயே உட்காருவோம் என்றார். சிலிண்டர் நேற்றுத்தான் மாற்றியது என்றாள் அம்மா. அப்பாவின் முகத்திலிருந்த கடைசிச் சொட்டு ரத்தமும் எங்கோ இறங்கிப் போனது.

கம்பவுண்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பெரிய டாக்டர்களிடம் இருபது வருஷமாக மருந்து கட்டிக் கொடுக்கிறாராம், குக்கர் வெடித்து வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாராம். ஒரு வீட்டில் மூடி கூரையில் போய்ச் செருகிக்கொண்டதாம். இன்னொரு வீட்டில் வெயிட் பறந்து போய், எதிர்வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தவரின் கண்ணாடியை உடைத்ததாம்.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"பாதி மீசையோட ஓடினவர்தான். இன்னும் வீடு திரும்பல."

இரண்டாவது முறை அம்மா சொன்னாள், அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். அப்பா தலையணையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார். போகப் போகிறார் என்று நினைத்தேன். இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது முறை சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். நாலாவது முறை சொன்னபோது அவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் தனக்கு இரண்டு குழந்தைகள் என்றார். அப்பா, எனக்கும் ஒன்று இருக்கிறது என்று என்னைக் காட்டினார். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் அவருக்கு உபயோகப்பட்டேன்.

ஒரு சந்தேகம் கம்பவுண்டருக்கு வந்தது. இவ்வளவு நேரம் ஆகிறது, ஆவி வாசனையே வரவில்லையே என்றார்.

"வெளிய வந்தாத்தான ஓய் வாசனை," என்றார் அப்பா. "என் ஒட்டு அப்படி. ஒரு துளி கசியாது. எல்லாம் உள்ளயே ஏறுது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. தலையணையை முகத்துக்கு ஏற்றினார்.

மணி பத்தே முக்கால். கவுண்டர் வேறு என் மண்டைக்குள் மூடிக்கொண்டிருந்தது. செத்தால் பாஸ் வேண்டாம், சாகாவிட்டால் வேண்டும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்தாள். சேலையைச் சொருகிக்கொண்டாள்.

"சரி. நானே போறேன். திரும்பி வருவேனோ என்னவோ. போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லிட்டுப் போறேன்."

அப்பா தலையணையை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. "சொல்லும்மா," என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

முதல் விஷயம், நாலு பல்பையும் மாட்ட வேண்டும். இருட்டில் சாக விருப்பமில்லை என்றாள். அப்பா தலையாட்டினார். இரண்டாவது, ஆளுக்கொரு முழுச் சோப்பு. அதற்கும் ஆட்டினார்.

"மூணாவது, இவ பஸ் பாஸ். இப்ப, இங்கயே, கையில குடுங்க."

அப்பாவின் தலை நின்றுவிட்டது. பல்பும் சோப்பும் வாய்வார்த்தை. இது பணம். கட்டிலுக்குப் பின்னால் ஒரு மனுஷன் பயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதை நான் ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தேன். உதடு அசைந்தது. நாளைக்கு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

உஸ்ஸ் சத்தம் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் மாறியது. கீச்சென்று மெலிந்தது.

"ஓய், கடைசிக் கட்டம்," என்றார் கம்பவுண்டர்.

அப்பாவின் கை தானாகவே சட்டைப்பைக்குள் போனது. முதலில் அந்தப் பேப்பர் துண்டு வந்தது. அதைக் கீழே போட்டார். அப்புறம் பணம் வந்தது. என் கையில் திணித்தார். அவர் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. அண்ணே, நீங்கதான் சாட்சி என்று அம்மா கம்பவுண்டரிடம் சொன்னாள். அவர் சரி தங்கச்சி, சீக்கிரம் போ என்றார்.

அம்மா போனாள். திரை ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் பாஸ், அக்கா, கம்ப்ரஸர் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அம்மா, அம்மா என்று மட்டும் உள்ளே ஓடியது.

சத்தம் நின்றது.

அம்மா வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி. கம்பவுண்டர் பேப்பரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வாசலைத் தாண்டிவிட்டார். நான் செருப்பைத் தேடினேன். ஆபத்து போனதும் அப்பாவின் மார்பு மறுபடி நிமிர்ந்தது. தலையணையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, என் ஒட்டு எப்படித் தாங்கியது பார்த்தாயா என்று சொல்லிக்கொண்டே திரையை விலக்கி உள்ளே போனார். நானும் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

குக்கர் அடுப்பின் மேல் இருந்தது. அப்பா ஒரு விரலால் தொட்டார், வெடுக்கென்று எடுத்தார், மறுபடி தொட்டார். அப்புறம் முழு உள்ளங்கையையும் வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தார். உள்ளே நறுக்காத கிழங்கு நாலு. தண்ணீர்கூட இல்லை. சிலிண்டரின் குமிழ் மூடியே இருந்தது.

மேடைக்குக் கீழே லாரி டியூப் கிடந்தது. சோபாவாக இருந்தது இப்போது தரையோடு தரையாக, தோலுரித்த மாதிரிக் கிடந்தது. அதன் ஓரத்தில் அம்மாவின் பின்னூசி செருகியபடி இருந்தது.

அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், டியூபைத் தூக்கிக் காதோரம் வைத்துச் சுற்றினார். அதில் இப்போது காற்றே இல்லை.

"இது... காத்து எறங்கின சத்தமா?" என்றார்.

அம்மா கிழங்கைக் கழுவப் போட்டாள்.

"என்னை ஏமாத்திட்டல்ல. அடுப்பே பத்த வைக்கல."

"உங்க வளையத்தை மாட்டி அடுப்பு பத்த வைக்க எனக்கென்ன கிறுக்கா? உள்ள வந்திருந்தா ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும். நானும் தொண்டை வலிக்கச் சொன்னேன், போய் அடுப்பை அணைச்சுட்டு வாங்கன்னு."

சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், நாலு தடவை சொன்னாள். அவர்தான் போகவில்லை.