கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் பின்னறையின் நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து, ஒரு பிரகடனம் செய்தார்.

“இன்னையிலிருந்து இது கேட்கும் அறை.”

பிரகடனத்தைக் கேட்க அவர் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளும் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வாயைத் திறந்தார். குண்டூசி இருக்கும்போது அவளால் எதிர்த்துப் பேச முடியாது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே ராஜதந்திரம் அதுதான்.

பின்னறை அவர்களுடைய மகளின் அறை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் சத்தமில்லாத யுத்தம். மனைவிக்குத் தையல் தொழில். துணி வெட்டுவதெல்லாம் சாப்பாட்டு மேஜைமேல்தான். வேளாவேளைக்குக் கத்தரியையும் துணியையும் வாரிச் சுருட்டி எடுத்தால்தான் யாரும் சாப்பிட முடியும். போன மாதம் ஒரு மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பில் கண்ணாடிக்காரரின் தேநீர் கவிழ்ந்தது. முன்பக்கம் முழுக்கப் பிரித்துப் புதிதாகத் தைத்தாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் மகள் கிளம்பிய மறுநாளே, கொடி நாட்டுவது மாதிரி, தன் இசைத்தட்டுக் கருவியையும் பாட்டு ஒலிக்கும் பெட்டி இரண்டையும் கொண்டுபோய் அந்த அறையில் நிறுத்திவிட்டார்.

அவர் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். காலையிலிருந்து மாலைவரை ஒரே கேள்விதான். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?” அந்தக் கேள்வி கடையோடு நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். வீட்டுக்கும் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவர் சேர்த்தது அறுபத்து மூன்று இசைத்தட்டுகள். அதில் ஒன்பது தட்டில் ஒரே பாட்டு. ஒன்பது பேர் பாடியது.

“ஒரே பாட்டுக்கு எதுக்குங்க ஒன்பது தட்டு?”

“ஒரே கண்ணாடியை ஊர்ல எல்லாருக்கும் மாட்ட முடியுமா?”

“முடியாதுதான். ஆனா ஒரே ஆள் ஒன்பது கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரிய மாட்டாங்களே.”

இதைக் கேட்டதும் அவர் ஒரு தட்டைச் சுழலவிடுவார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து மதிப்பெண் போடுவார். குரல் எட்டு. வயலின் ஏழரை. சபையில் இருமல், கழித்தல் ரெண்டு. பிறகு மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “ஒண்ணா, ரெண்டா?” என்பார். அவளும் பதினோரு வருஷமாக ஒரே பதில்தான் சொல்லி வந்தாள்.

“ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு.”

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நிற்க, பிரகடனத்துக்கு வருவோம். மனைவி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் செருகினாள். நாலாவது ஊசி முடிந்ததும் சொன்னாள்.

“சரிங்க.”

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சண்டை போட்டால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது, மகளுக்குப் போன் போட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். சரி என்று சொன்னால் என்ன சொல்வது என்று பார்த்து வைக்கவில்லை.

“சரின்னா?”

“சரின்னா சரிதான். உங்க காது, உங்க அறை. ஆனா நல்லா கேக்கணுமில்ல? ஒரு தட்டைப் போடுங்க பாப்போம்.”

போட்டார். பாடகி வாயைத் திறந்ததும் குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. ஓர் அம்மாள் பாடினால் நாலு அம்மாள்கள் சண்டை போடுவதுபோல் இருந்தது. மூன்று வாரமாக அவர் காதுக்கும் அது தெரியும். சொன்னால் கௌரவம் என்னாவது?

“என்னங்க, குளியலறையில நின்னு பாடறாங்களா?”

“வெறும் சுவரும்மா. சத்தம் தங்க இடமில்ல, திரும்பி வந்துடுது. சுவத்துக்குக் கனமா துணி வேணும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கண்ணாடிக்காரருக்கு அந்தப் பழமொழி தெரியும். ஆனால் நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

“துணியா? துணி எங்கிட்ட இருக்குமே,” என்றாள் மனைவி, அப்படியொரு பொருள் வீட்டில் இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தவள் மாதிரி.

அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. உஷாரானார். துணி வந்தால் அறையை விட்டு எளிதில் போகாது என்பது அவருக்குப் புரிந்தது. ஆகையால் ஒரு நிபந்தனை போட்டார்.

“துணி வெச்சா நல்லாருக்கா, வெக்காம நல்லாருக்கா, அதை என் காதுதான் சொல்லணும். கண்ணால பாத்தா மனசு ஏமாத்தும். கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் கேப்பேன். காது என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு. அப்புறம் நீயும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது.”

“எழுதி வெச்சுக்கலாமா?”

“தாராளமா. நடுவுல ஒரு பொது ஆளும் இருக்கட்டும்.”

பொது ஆளாகப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வந்தார். விடுமுறை நாளில் வீட்டில் வேலை சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எங்கே கூப்பிட்டாலும் போகக்கூடிய நிலையில் இருந்தார்.

“அண்ணே, எனக்குச் சங்கீதமெல்லாம் தெரியாது. ஹாரன் சத்தம் ஒண்ணுதான் தெரியும்.”

“அதான் தம்பி வேணும். நடுநிலை.”

கடையில் புது நாற்காலி வாங்கியபோது பழைய கண்பரிசோதனை நாற்காலி வீட்டுக்கு வந்திருந்தது. சக்கரம் வைத்தது, எந்தப் பக்கமும் சுற்றும். அதில் கண்ணாடிக்காரர் ஏறி அமர்ந்தார். மனைவி கறுப்புத் துணியை நாலாக மடித்து, அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டு, கண்ணைக் கட்டினாள். தையல்காரி போட்ட முடிச்சு. யானை இழுத்தாலும் அவிழாது.

முதல் சோதனை, வெறும் சுவருக்கும் துணிக்கும். வெறும் சுவர் ஏற்கெனவே கேட்டதுதான். டிரைவரும் மனைவியும் எதையோ தூக்கி வரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தட்டு சுழன்றது. இப்போது கேள்வி கேட்பது மனைவியின் முறை.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு!” என்றார். சந்தேகமே இல்லை. நாலு அம்மாள்களில் மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“எதிர்ச் சுவத்துல தைச்சு முடிச்ச உடுப்பெல்லாம் ஸ்டாண்டோட நிறுத்திப் பாக்கலாமா?”

“பாரேன்!”

பார்த்தார்கள். “ரெண்டு! வயலின்காரர் இப்பதாம்மா வில்லையே எடுக்கறாரு!”

“தரையில பட்டுச் சத்தம் எகிறுதுங்களே. நடுவுல பெரிசா ஒரு மேஜை போட்டா?”

“போடு! சும்மா கேட்டுக்கிட்டே நிக்காதே, போடு!”

மேஜை வந்தது. வாசற்படியில் இடித்தது. டிரைவர் “ரிவர்ஸ், ரிவர்ஸ்” என்றார். தட்டு மறுபடி சுழன்றது. கண்ணாடிக்காரர் நாற்காலியிலேயே குதித்தார்.

“ரெண்டு! இது அறையில்லம்மா, சபை! நான் சொன்னப்ப நீ நம்பலையே!”

“நம்பாம என்னங்க. ஒரு கையெழுத்து போடுங்க.”

ஒவ்வொரு சோதனை முடிந்ததும் டிரைவர் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலைப் பிடித்து இடம் காட்டினார். கண் கட்டியபடியே மூன்று கையெழுத்துப் போட்டார் அவர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். இங்கே பூலோகம் நல்ல வெளிச்சத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தது.

“கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. நாற்காலி எங்க இருக்கணும்?”

“அதுதாம்மா உயிர்நாடி! ஒரு அடி முன்னே பின்னே போனாலும் எல்லாம் பாழ்.”

டிரைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். எடுத்த எடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னே தள்ளி நிறுத்தினார்.

“எப்படிண்ணே?”

“சேச்சே. பாடறவங்க என் மடியில உக்காந்து பாடற மாதிரி இருக்கு.”

“அது வேணாம்,” என்றது மனைவியின் குரல் உடனே.

இன்னும் இரண்டு சுற்று. ஏதோ துணி முகத்தில் உரசியது. அந்த இடமும் பிடிக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றார். மறுபடி சுற்று. வண்டி நீளமாக ஓடியது. கீழே தடக்கென்று ஒரு மேடு ஏறி இறங்கியது.

“என்ன தம்பி?”

“ஸ்பீட் பிரேக்கர்ண்ணே.”

பெட்டியின் ஒயராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். அந்த யோசனையும் ஒரு கணம்தான். நாற்காலி நின்றது. பாட்டு வந்தது. ஆஹா! பாடகி கொஞ்சம் தள்ளி, மரியாதையான தூரத்தில் நின்று, இவருக்காகவே பாடுவதுபோல் இருந்தது. கனமும் இருந்தது, தெளிவும் இருந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் இப்படி அவர் கேட்டதே இல்லை.

“இங்கதான்! இதுதான் இடம்! இந்த எடத்தை விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டேன்!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“யோசிக்க என்ன இருக்கு? அந்தக் குரல்ல ஒரு ஈரம் தெரியுது பாரு. அது வேற எங்கயும் வராது.”

“ஈரம் இருக்கும்ங்க,” என்றாள் மனைவி அடக்கமாக.

நாலாவது கையெழுத்தும் விழுந்தது. முடிச்சு அவிழ்ந்தது. கண்ணாடி மூக்கில் ஏறியது.

எதிரே ஒரு குழாய். குழாயின் கீழே தொட்டி. தொட்டி நிறையக் காலையில் சாப்பிட்ட தட்டும் கிண்ணமும் கரண்டியும். ஈரம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

“எறங்க வேண்டிய ஸ்டாப் வந்துடுச்சுண்ணே,” என்றார் டிரைவர். “எனக்கு டூட்டி இருக்கு.” விடுமுறை நாளில் என்ன டூட்டி என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம்.

கண்ணாடிக்காரர் பின்னறைக்கு ஓடினார். சுவர் ஓரம் துணிச் சுருள்கள் ஆளுயரத்துக்கு நின்றன. எதிர்ச் சுவரில் வரிசையாக உடுப்புகள். நடுவில் வெட்டு மேஜை, அதன்மேல் காகிதம் விரித்து, அளவுகூடப் போட்டாயிற்று. ஜன்னல் ஓரத்தில் தையல் மெஷின், ஊசியில் நூல் கோத்துத் தயாராக. பாட்டுப் பெட்டிகள் இரண்டும் உடுப்புகளின் நடுவிலிருந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி, தயங்கி எட்டிப் பார்த்தன. ஒரு மனிதன் உட்கார இடமில்லை. இரண்டு துணிச் சுருளுக்கு நடுவில் புகுந்து நின்று கேட்டார். பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. மறுபடி சமையலறைக்கு வந்து கேட்டார். பாடகி தேனாகப் பாடினாள்.

இதுதான் தாங்க முடியவில்லை. தீர்ப்பு தப்பு என்று சொல்லவேண்டுமானால் தன் காது தப்பு என்று சொல்லவேண்டும். அறையை விடலாம், காதை விட முடியுமா?

“ஏமாத்திட்டே,” என்றார்.

“நான் எங்கங்க ஏமாத்தினேன்? ஒண்ணா ரெண்டான்னு கேட்டேன். நாலு கையெழுத்து இருக்கே.”

“சரி, இங்க நல்லா கேக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தாள். கொஞ்சம் வெட்கம்கூட வந்தது போலிருந்தது.

“நீங்க கடைக்குப் போனப்புறம் தெனமும் போட்டுக் கேப்பேன். இத்தனை வருஷமாவே. நீங்க பெட்டியைப் பின்னறைக்கு மாத்தினீங்களா, அதுலேருந்து இங்க நின்னாத்தான் நல்லாருக்கு. அந்த ஏழாவது தட்டு இருக்கே, அதுல அந்த அம்மா கடைசி வரியை மூணாவது தரம் எடுக்கறதுக்கு முன்னாடி பெரிசா ஒரு மூச்சு வாங்குவாங்க. அதைப் பாத்து வயலின்காரர் லேசா சிரிப்பாரு. அவ்வளவுதான், ஒரு கண்ணிமைக்கற நேரம். அதுக்காகத்தான் போடுவேன்.”

“சிரிப்பா? எந்தத் தட்டுலயும் சிரிப்பு கிடையாதே!”

“கடைசி வரி வரைக்கும் நீங்க எங்க விட்டீங்க? ரெண்டு வரி ஆனதும் தட்டை மாத்திடுவீங்களே.”

அவர் நோட்டைப் புரட்டினார். ஏழாவது தட்டு. குரல் ஆறு. மூச்சு கேட்கிறது, கழித்தல் ஒன்று.

மனைவி போய் ஏழாவது தட்டை வைத்தாள். அப்படியே தன் மேஜைமுன் நின்று கத்தரியை எடுத்தாள். கண்ணாடிக்காரர் தொட்டியின் எதிரே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டார். கடைசி வரி வந்தது. ஒருமுறை. இரண்டாம் முறை. பிறகு அந்த மூச்சு. அதன் பின்னால், யாரோ பிரியமானவரைப் பார்த்துச் சிரிக்கிற சின்னச் சிரிப்பு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாரே தவிர, அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்கவில்லையே! கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டில் ஆறை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

“ஏம்மா! சிரிச்சாரும்மா! நானும் கேட்டேன்!”

“கேட்டீங்களா? இருங்க, இன்னொரு தரம் போடறேன்.”

பாட்டு மறுபடி தொடங்கியது. அவள்மீது பொங்கிய பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அறையைக் கொடுத்தாயிற்று, மதிப்பெண்ணும் கொடுத்தாயிற்று. யாரும் சொல்லாமலே எழுந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், குழாயைத் திறந்தார், முதல் கிண்ணத்தை எடுத்து மனசாரத் தேய்க்க ஆரம்பித்தார்.

பின்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“என்னங்க, சத்தம் போடாம தேய்ங்க. பாட்டு கேக்கல!”