தொலைந்தவர் சங்கத்துக் காரியதரிசி

மயிலாப்பூரில் எங்கள் காரியதரிசி ஆரம்பிக்காத சங்கம் ஒன்றே ஒன்றுதான்: சங்கங்களை ஒழிக்கும் சங்கம். யாராவது அவன் காதில் போட்டிருந்தால் அதையும் ஆரம்பித்து மறுநாளே வரவேற்புரை வாசித்திருப்பான்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வகுப்பில் வாத்தியார் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பான். எங்கள் ஹைஸ்கூலில் எல்லோருக்கும் அவன் காரியதரிசிதான். எல்லாச் சங்கங்களுக்கும் ஹெட்மாஸ்டர் தலைவர். அந்த விஷயம் அவருக்குத் தெரியாது. நான் உபதலைவர், அதாவது பெஞ்சு தூக்குகிறவன்.

முதலில் மௌன சங்கம் வந்தது. வாரம் ஒரு மத்தியானம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் கூட்டத்திலேயே சிக்கல். கூட்டம் முடிந்தது என்று யாராவது சொன்னால்தானே எழுந்திருக்கலாம்? மணி அடித்த பிறகும் உட்கார்ந்தே இருந்தோம். கணக்கு வாத்தியார் பிரம்போடு வந்து நன்றியுரை கூறினார்.

அப்புறம் முதலுதவிச் சங்கம். யுத்த காலத்தில் கற்றுக்கொடுத்த கட்டுகளையெல்லாம் மறந்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பயலுக்கும் அடிபடவில்லை. காரியதரிசி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் என் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினான். அவிழ்க்கச் சொன்னால், "அவுக்கறது அடுத்த வாரப் பாடம்டா" என்றான். அப்படியே வீட்டுக்குப் போனேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டாள்.

கட்டின கையோடு நான் மாட வீதியில் நடந்துபோனதை யாரோ ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத்தனை சங்கம் வெச்சிண்டிருக்கியே, ஒருத்தருக்காவது உபகாரம் உண்டாடா? அறுபத்து மூவர் வரது. அன்னிக்கு ஒருத்தருக்காவது ஒத்தாசையா இருந்து காட்டு. இல்லேன்னா எல்லாத்தையும் கலைச்சுடுவேன். அந்தக் கைப்பட்டையையும் கழட்டி இந்த மேஜையில வெச்சுடணும்."

நீலத் துணியில் வெள்ளை நூலால் 'சேவை' என்று அவனே தைத்துக்கொண்ட பட்டை அது. பந்தாட்டத்தில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டு வராது. மார்க்கு விஷயம் பேசாமலிருப்பதே நல்லது. அந்தப் பட்டை கையில் இருக்கும்வரைதான் அவன் அங்கே ஒரு ஆள். வெளியே வந்ததும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான். எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாளே 'காணாமற்போன குழந்தைகள் உதவிச் சங்கம்' உதயமாயிற்று.

திருவிழா அன்று குளக்கரையோரம் ஒரு பந்தல் போட்டோம். உள்ளே ஒரு பாய், ஒரு கூடைப் பொரி, ஒரு பானை நீர்மோர். கூட்டம் எள் போட்டால் எள் விழாது. ஆனால் எங்கள் போதாத காலம், ஒரு குழந்தைகூடத் தொலையவில்லை. அத்தனையும் அம்மா இடுப்பிலோ அப்பா தோளிலோ சௌக்கியமாக இருந்தன.

"ஆத்துக்குப் போயிடலாமாடா?" என்றேன்.

"இருடா. தொலைஞ்சது அதுகளுக்கே தெரியாது. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்" என்று கூட்டத்துக்குள் புகுந்தான்.

அவன் வைத்த பரீட்சை சுலபமானது. குழந்தை முன்னால் குனிந்து, கவலை தோய்ந்த முகத்தோடு, "பாப்பா, உங்கம்மா எங்கே?" என்று கேட்பான். அழுதால் தொலைந்த குழந்தை. அழாவிட்டால் தொலையாத குழந்தை, போகலாம். அந்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தக் குழந்தைதான் அழாது? கொஞ்ச நேரத்தில் பந்தல் நிரம்பிவிட்டது. அவை போட்ட கூச்சலில் நாயனம் காதில் விழவில்லை.

முதலில் வந்தவள் கை நிறையப் புது வளையல் போட்டிருந்த ஒரு அம்மாள்.

"இன்னாடா பண்றே என் புள்ளைய? பின்னாலதானே வளையல் வாங்கிக்கினு கீறேன்?"

"அழுதுதும்மா."

"ஆத்தா எங்கேன்னு கேட்டா அழாம பாட்டா பாடும்?"

அவளுக்குப் பின்னால் இன்னும் பல தாய்மார்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால் ஹெட்மாஸ்டர்.

"ஏண்டா, இதெல்லாம் தொலைஞ்ச கொழந்தைகளா, நீ தொலைச்ச கொழந்தைகளா?"

காரியதரிசி வசவுகளை வாங்கிக்கொண்டு குழந்தைகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்தான். பந்தல் காலியானதும் கைப்பட்டையைக் கழற்றப் போனான். கழற்ற முடியவில்லை. அதன் நுனியை மூன்று வயதுப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணில் சுர்மா, வாய் நிறையப் பொரி.

"இவன் யாருடா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இவன் சேத்தி இல்லை சார். கேட்டேன், அழலை. போகலாம்னுட்டேன். அவனாத்தான் என் பின்னாலேயே வந்துண்டிருக்கான்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குளக்கரையில் அத்தர் விற்கிற பாய் ஓடிவந்தார். தோளில் பெட்டி இல்லை, தலையில் தொப்பி இல்லை. பையனை வாரி எடுத்துக்கொண்டு தேம்பினார்.

"லஸ் வரிக்கும் தேடிக்கினு போனேன் நைனா. எங்க கெடைச்சான் இவன்?"

"நான் கண்டுபிடிக்கலை பாய். அவன்தான் என்னைப் பிடிச்சுண்டான்."

பாய் இடுப்பில் செருகியிருந்த சின்னக் குப்பியை எடுத்து, அத்தனை அத்தரையும் அந்தப் பட்டையிலேயே கொட்டிவிட்டார். எங்கள் வகுப்பு அந்த வருஷம் முழுக்கக் கல்யாண வீடாக மணத்தது.

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சங்கம் இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே யாரையும் அந்தக் கேள்வி மட்டும் கேக்காதே" என்றார்.

படிப்பு முடிந்ததும் அவன் வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டான். அங்கே எத்தனை சங்கங்களோ, எந்த உபதலைவர் கையைக் கட்டினானோ, தெரியாது.

என் அம்மா போன வருஷம் காலமானாள். இந்தத் தடவை அறுபத்து மூவருக்குத் தனியாகத்தான் போனேன். அதே குளக்கரை, அதே நெரிசல். அந்தப் பயல் இப்போது வந்து என் முன்னால் குனிந்து, அந்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்டால் தேவலையே என்று இருந்தது. நான் கட்டாயம் அழுதிருப்பேன். அவனும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பாயில் உட்காரவைத்துப் பொரி கொடுத்திருப்பான்.