வெர்னா குஜாவாவுக்கு மரியாதை செய்த வரலாறு

மனித இனம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. அந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டி, மேலே ஒரு விளக்கைப் போட்டு, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்று கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய சாதனை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்த இரண்டாவது சாதனையைச் செய்தது எங்கள் ஊர் ஆல்டர் ஃபால்ஸ். 'வட ஏரிகள் சைக்கிள் வீரர் புகழ் மாளிகை' எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதன் கௌரவச் செயலாளர் அடியேன்.

தலைவர் லைல் ஹெண்ட்ரிக் வட்டாரத்திலேயே பெரிய கார் வியாபாரி. சைக்கிள் மீது அவருக்குள்ள அன்பு முற்றிலும் தன்னலமற்றது. ஒரு நாளும் அவர் அதில் ஏறியதில்லை.

மாளிகையின் விதிகளில் தலையாயது, ஓய்வு பெற்றவருக்கே மரியாதை என்பது. கடைசிப் பந்தயம் முடிந்து முழுதாக ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இதில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது. இன்று நாங்கள் மாலை சூட்டிய ஒருவர் அடுத்த வாரம் பந்தயத்தில் கடைசியாக வந்து தொலைத்தால் மாளிகையின் மானம் என்னாவது? ஓடாத சைக்கிள்தான் சறுக்குவதில்லை.

இந்த அருமையான விதிக்கு ஒரே இடைஞ்சல் வெர்னா குஜாவா. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தேசிய சைக்கிள் ஓடுதளப் போட்டியில் வென்றவர். அந்தக் காலத்தில் ஆண்களுக்குப் பரிசு பணமாகவும் பெண்களுக்குச் சமையலறைச் சாமானாகவும் கொடுப்பார்கள். வெர்னாவுக்கு ஒரு டோஸ்டர் கிடைத்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெருமைப்படுத்தலாம் என்று கேட்கப் போனேன்.

"வச்சுக்கோப்பா, எனக்கென்ன. ஆனா காலைல ரொட்டிக்கு நான் உங்க மாளிகைக்கு வரணுமா?" என்று கேட்டார்.

டோஸ்டர் இன்னும் வேலை செய்கிறது. சிக்கலும் அதுதான், வெர்னாவும் வேலை செய்கிறார். எழுபதைத் தாண்டியும் செவ்வாய்க்கிழமை தவறாமல் மாளிகைக்குப் பின்னால் இருந்த பழைய வட்ட சைக்கிள் ஓடுதளத்தில் பந்தயத்துக்கு வந்துவிடுவார். தபால்காரர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியைகள் என்று ஒரு கூட்டமே அவரோடு சுற்றும். வேலியோரம் நிற்கிறவர்கள் மாட்டு மணிகளை ஆட்டி உற்சாகப்படுத்துவார்கள். வாரந்தோறும் அவர் தகுதி இழந்துகொண்டே இருந்தார். அவரைப் பெருமைப்படுத்தத் துடித்த நாங்களோ ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

தீர்வைக் கண்டவர் லைல். மாளிகைக்கு வருகிறவர்கள் காரில் வருகிறார்கள். காரை விட இடமில்லை. ஓடுதளத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினால் பார்வையாளர்களுக்கும் வசதி, வெர்னாவுக்கும் ஓய்வு. இவ்வளவு பரிவான தீர்மானத்தை எதிர்த்துப் பேச ஒருவர்தான் கூட்டத்துக்கு வந்தார்.

"லைல், நான் கார் ஓட்டக் கத்துக்கல. அடுத்த ஓடுதளம் நாலு மணி நேரத் தொலைவு. இதை இடிச்சுட்டா செவ்வாய்க்கிழமைக்கு நான் என்ன பண்றது?" என்றார் வெர்னா.

"உங்களுக்காகத்தானே இடிக்கிறோம்" என்றார் லைல். அப்படியே, ஓட்டிப் பழகுவதற்குத் தோதாகத் தன்னிடம் ஒரு சின்னக் கார் இருப்பதையும் சொல்லிவைத்தார்.

இடித்தோம். தார் போட்டோம். அந்த ஆண்டு முழுவதும் செவ்வாய்க்கிழமை மாலையானால் வெர்னா வேலியோரம் வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்று, தாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் கொஞ்சம் வேதனையாகத்தான் இருந்தது. செயலாளர் வேதனைப்படலாம் என்று விதிகளில் எங்கும் இல்லை. எனவே திரையை இழுத்துவிட்டேன்.

ஓர் ஆண்டு நிறைந்தது. வெர்னா குஜாவா 'தகுதி' பெற்றார். பித்தளைப் பலகையில் பெயரைப் பொறித்து, அவருடைய சைக்கிளை மாட்டச் சுவரில் கொக்கியும் அடித்தோம். விழாவைச் செவ்வாய்க்கிழமை மாலையில் வைத்தோம். எங்கள் புண்ணியத்தில் அன்றைக்கு ஊரில் யாருக்கும் வேறு வேலை இல்லை.

கார்கள் நடுவில் வரிசையாக நின்றன. சுற்றிலும் அகலமான வழி. உள்ளே வாட்டிய தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், பீர். வெர்னா பழைய கூட்டத்தோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். வாசலில் காவலர் தடுத்துவிட்டார். சைக்கிளை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே விடவும் முடியாது, ஏனென்றால் சைக்கிள் புகழ் மாளிகையில் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. அப்படி ஒரு தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

தன் பெயரைக் கூப்பிடும்போது சொல்லும்படி காவலரிடம் கேட்டுக்கொண்டு, வெர்னா கார்களைச் சுற்றிச் சும்மா ஒரு சுற்று போனாராம். தபால்காரர் பின்னால் போனாராம். பல் மருத்துவர் இருவரையும் முந்தப் பார்த்திருக்கிறார். அப்புறம் யாரைக் குறை சொல்வது?

உள்ளே லைல், ஓய்வின் மேன்மை பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். வெளியே மாட்டு மணிகள் கேட்டன. பின்வரிசை எழுந்து போனது. நடுவரிசை தட்டுகளோடு போனது. பிறகு கணீரென்று ஒரு பெரிய மணி, கடைசிச் சுற்றுக்கு அடிப்பது. லைலின் மனைவியும் எழுந்துவிட்டார். லைலும் நானும் வெளியே ஓடியபோது வெர்னா மூன்றாவதாக வந்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

லைலுக்கு வியர்த்துவிட்டது. "வெர்னா, இது பந்தயம் இல்ல, சும்மா விளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பலகைல பேரு பொறிச்சாச்சு."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பித்தளையில் நிரந்தரமாக இருக்கலாம். வெர்னா தபால்காரரைப் பார்த்தார், தாரைப் பார்த்தார்.

"மணி அடிச்சுது லைல். மணி அடிச்சா பந்தயம்தான். தோத்தவங்க மூஞ்சியப் பாருங்க, தெரியும்" என்றார். பிறகு காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "தார் அருமையாப் போட்டிருக்கீங்க. பழைய ஓடுதளத்துல ஒரே வெடிப்பு. அடுத்த செவ்வாய்க்கிழமை மட்டும் காரையெல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளி விடச் சொல்லுங்க, திருப்பத்துல இடிக்குது."

மறுநாளே அவசரக் கூட்டம். வெர்னா குஜாவா மீண்டும் தகுதி இழந்துவிட்டதை ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்தோம். வழி நெடுக வேகத்தடை போடலாம் என்றார் லைல். போட்டோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அதன்மீது தாவப் பழகிக்கொண்டது. இப்போது வேடிக்கை பார்க்க முன்பைவிட இரட்டிப்பாக ஆட்கள் வருகிறார்கள். ஒருவரும் மாளிகைக்குள் வருவதில்லை.

பித்தளைப் பலகை என் அறையில் காத்திருக்கிறது. கொக்கியில் என் குடையை மாட்டியிருக்கிறேன். இத்தனை பெரிய வீரர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று எப்போதாவது தப்பித் தவறி உள்ளே வருகிறவர்கள் கேட்பதுண்டு. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்த வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டியவர்கள் எல்லோரையும் தடுத்து நிறுத்தப் பார்ப்போம். எங்களால் முடிந்தவர்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.