நெய் ரோஸ்ட் கேட்டுப் போன முயல்

ஒரு காட்டில் ஒரு ஓட்டல் இருந்தது. காட்டில் ஏதய்யா ஓட்டல் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பேசுகிற மிருகத்தை நம்புவீர்களாம், சாம்பார் வைக்கிற கரடியை மட்டும் நம்ப மாட்டீர்களாம். நல்ல நியாயம்!

கரடியின் பெயர் அய்யாக்கண்ணு. எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் கடை போடுவதற்கு முன்னால் காடு காடாகத்தான் இருந்தது. மான் மேய்ந்தது, குரங்கு பறித்தது, எருமை கிடைத்ததைத் தின்று அசை போட்டது. அண்ணாச்சி என்றைக்கு முதல் சட்டி சாம்பாரைத் தாளித்தாரோ, அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்கப்புறம் ஒருத்தருக்கும் பச்சைப் புல் தொண்டையில் இறங்கவில்லை. "தொட்டுக்க ஒண்ணும் இல்லாம எப்படிங்க புல்லு திங்கிறது?" என்று எருமையே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அண்ணாச்சி சாக்பீஸால் அதில் விலை எழுதுவார். அந்தக் காட்டுக்குச் சட்டம் என்றால் அந்தப் பலகைதான். யார் எதைத் தின்றாலும் பலகையில் போட்ட விலையைக் கல்லாவில் கட்டியே ஆக வேண்டும். கடையில் உட்கார்ந்து தின்றாலும் சரி, காட்டில் துரத்திப் பிடித்துத் தின்றாலும் சரி. ராஜாவாகிய சிங்கத்துக்கும் இதுதான் சட்டம். ராஜாவே ஒரு நல்ல நாளில் நல்ல பேர் வாங்குவதற்காகப் போட்ட சட்டம் அது. அப்போது எல்லாமே சல்லிசாகக் கிடைத்ததால் அவரும் பின்னால் வரப்போவதை யோசிக்கவில்லை, பாவம்.

விலை இருக்கிறதே, அது ஏறும். இறங்கவே இறங்காது. கேட்டால் "தக்காளி ஏறிடுச்சுங்க" என்பார் அண்ணாச்சி. தக்காளி இறங்கினால் "கேஸ் ஏறிடுச்சுங்க" என்பார். இரண்டும் இறங்கிய ஒரு நாளில், "எனக்கே இன்னிக்கு மனசு சரியில்லைங்க" என்று சொல்லி வடைக்கு ஏற்றினார். பலகையின் கடைசி வரியில் பெயின்ட்டால் எழுதிய அயிட்டத்தின் பெயர் மட்டும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கறுத்துப் போயிருந்தது. ரொம்ப வருஷமாக அந்த அயிட்டத்தை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் படிப்பதுமில்லை.

இந்த ஓட்டலுக்கு வாடிக்கையாக வருகிறவன்தான் நம்ம ஆள், தங்கப்பழம் என்கிற முயல். பெண்சாதி செண்பகவடிவு. பிள்ளைகள் எத்தனை என்று கேட்காதீர்கள். முயல் வீட்டில் அதை எண்ணி முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். தங்கப்பழம் மொத்தக் குடும்பத்தையும் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து ஒரே ஒரு பிளேட் இட்லி சொல்லுவான். இட்லியை நடுவில் தீவு மாதிரி நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, சாம்பார்!" என்று ஆரம்பித்தால் வாளி காலியாகும் வரை ஓய மாட்டான். இட்லிக்குத்தானே விலை, சாம்பாருக்கு உண்டா?

அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரில் ஒரு அறிவிப்பு எழுதினார்: "இரண்டாம் முறை சாம்பார் கேட்பவர்கள் முறைக்கப்படுவார்கள்."

தங்கப்பழம் அதை நிதானமாகப் படித்தான். "அண்ணாச்சி, முறைக்கிறதுக்குக் காசு உண்டா?"

"இல்லை."

"அப்ப முறைச்சுக்கிட்டே ஊத்துங்க."

வீட்டிலும் இதே கதைதான். செண்பகவடிவு கெட்டிக்காரி. வீட்டில் இருந்த ஒரே தக்காளியை ரசச் சட்டிக்கு மேலே மூன்று சுற்று சுற்றிவிட்டு, துடைத்து, மறுபடியும் டப்பாவில் வைத்து மூடிவிடுவாள். "ரசத்துல தக்காளியே இல்லையே?" என்று தங்கப்பழம் ஒரு தடவை கேட்டுவிட்டான். "இல்லேன்னு யார் சொன்னது? அது பார்த்துட்டுத்தானே போச்சு!" என்றாள். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

எல்லாவற்றையும் சமாளித்தவனுக்கு ஒன்று மட்டும் சமாளிக்க முடியவில்லை. கடைக்குட்டி பவுனுக்குப் பிறந்தநாள் வந்தது. அவளுக்கு நெய் ரோஸ்ட் மேல் ஒரு கண். கூம்பு மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அதேதான். போன பிறந்தநாளுக்கே வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியிருந்தான். இந்தத் தடவை எப்படியோ காசு சேர்த்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். போனால், அன்றைக்குக் காலையில்தான் அண்ணாச்சி நெய் ரோஸ்ட்டை அழித்து ஏற்றி எழுதியிருந்தார்.

"நெய் ஏறிடுச்சு தம்பி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவருக்கும் பிள்ளை முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "பாப்பா, வேணும்னா உள்ள வந்து ரோஸ்ட்டைப் பார்த்துட்டுப் போ. பார்க்கிறதுக்குக் காசு கேட்க மாட்டேன்."

பவுனு போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். தங்கப்பழத்துக்கு அவமானத்தில் காது இரண்டும் தொங்கிவிட்டன. முயலுக்குக் காது தொங்கினால் அப்புறம் என்ன மிச்சம்? நேராக ராஜாவிடம் போய் நியாயம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

செண்பகவடிவு தடுத்தாள். "ஏங்க, சிங்கத்துக்கிட்டப் போய்ச் சாப்பாட்டைப் பத்தியா பேசப் போறீங்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"நீ வேற! ராஜா இப்ப மாமிசத்தைத் தொடுறதே இல்லை. கம்பங்கூழ்தான் குடிக்கிறார். மகான் ஆயிட்டார்னு காடே கையெடுத்துக் கும்பிடுது. உனக்கு மட்டும் என்ன பயம்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அது உண்மைதான். ராஜா கூழ்தான் குடித்துக்கொண்டிருந்தார். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. தொட்டுக்கொள்ளப் பாதி சின்ன வெங்காயம். மீதிப் பாதி ராத்திரிக்காம்.

"என்னப்பா வேணும்?" என்றார் ராஜா, கூழைவிட நீர்த்துப் போன குரலில்.

தங்கப்பழம் கொட்டித் தீர்த்துவிட்டான். ரசத்தைப் பார்த்துவிட்டுப் போகும் தக்காளியைச் சொன்னான். பவுனு ரோஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டான். "விலையைக் குறைங்க ராஜா! பாதியாக் குறைங்க!"

ராஜா கூழ்க் கலயத்தைக் கீழே வைத்தார். "எல்லா விலையையுமா?"

"எல்லாத்தையும்!"

"பலகையில இருக்கிற எல்லாத்தையும்?"

"ஒரு வரி விடாம!"

ராஜாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. எழுந்து வந்து முயலைக் கட்டிக்கொண்டார். "இதை நானாச் செஞ்சா, தன் வயித்துக்காகச் செஞ்சான்னு நாலு பேர் பேசுவாங்க. பிரஜை எவனாவது வந்து கேட்க மாட்டானான்னு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? நீ நல்லா இருக்கணும். நல்லா கொழுகொழுன்னு இருக்கணும்."

இப்படியும் ஒரு ராஜாவா என்று தங்கப்பழம் உருகிப்போனான். அந்தக் கடைசி வாழ்த்தைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். காரியம் கைகூடிய சந்தோஷத்தில் எவன் யோசிக்கிறான்?

மறுநாள் விடிந்தபோது பலகையில் எல்லாம் பாதி விலை. அண்ணாச்சி இழவு வீட்டுக்காரர் மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வாசலில் திருவிழாக் கூட்டம். மான்கள் பொங்கல் தின்றன, எருமை வடையை அசை போட்டது, எல்லாரும் தங்கப்பழத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவன் குடும்பத்துக்கு முன் பெஞ்சிலேயே இடம் விட்டார்கள். பவுனு முன்னால் நெய் ரோஸ்ட் வந்து நின்றது. அவளைவிட உயரம். கை படாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ராஜா வந்தார். குளித்து, பிடரி சீவி, பளிச்சென்று வந்தார். கை கழுவிவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "அண்ணாச்சி, பலகையில கடைசியா ஒரு அயிட்டம் இருக்குமே, அது இன்னிக்கு உண்டா?"

அய்யாக்கண்ணு தோள் துண்டை எடுத்துப் பலகையின் கடைசி வரியை அழுத்தித் துடைத்தார். பிசுக்குப் போனதும் எழுத்து தெரிந்தது. "முயல் மிளகு வறுவல்." அதற்கு நேராகவும் பாதி விலைதான்.

"உண்டுங்க ராஜா," என்றார் அண்ணாச்சி. "சரக்கு இப்பதான் வந்து உட்கார்ந்திருக்கு."

தங்கப்பழம் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தான். "ராஜா, நீங்க மகானாச்சே..."

"யாருப்பா மகான்? கட்டுப்படியாகலை, விட்டுட்டேன். கேரட் விலை ஏற ஏற, அதைத் தின்கிற நீங்களும் ஏறிட்டீங்க. வறுவல் கேட்டே வருஷக்கணக்காச்சு. நேத்து நீதானே வந்து வழி காட்டினே? அந்த நன்றிக்குத்தான் முதல்ல உன் வீட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்னு வந்தேன்."

பிள்ளைகளெல்லாம் அம்மா மடியில் போய் ஒண்டின. மான்கள் பொங்கலைப் பார்த்தபடி குனிந்துகொண்டன. சற்று முன் கும்பிட்ட கைகளெல்லாம் இலையை வழிப்பதில் மும்முரமாகிவிட்டன. தங்கப்பழத்துக்கு உயிர் போகிற பயம். தான் கேட்டுக் கேட்டு வாங்கிய விலையில் தன் பிள்ளைகள் விலைபோகப் போகின்றன என்று நினைத்தபோது தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

செண்பகவடிவுதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "அண்ணாச்சி, அது சாதா முயலுக்குப் போட்ட விலை. எங்களைப் பார்த்தா சாதாவாத் தெரியுதா? நாங்க ஆர்கானிக்!"

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அண்ணாச்சியின் கை தானாகப் பலகைக்குப் போய் விலையை இரண்டு மடங்காக்கியது. வியாபாரியின் கை அது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

தங்கப்பழத்துக்கு மூளையில் பல்பு எரிந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்றான். "ஆமா! மருந்து அடிக்காத முயல்! பாரம்பரிய ரகம்! மலையில விளைஞ்சது!"

சாக்பீஸ் பறந்தது.

"மரச்செக்கு!" என்றான்.

"யோவ், முயலை எதுக்குய்யா செக்குல ஆட்டணும்?" என்று ராஜா கத்தினார்.

"ஆட்டலை ராஜா. சும்மா சொன்னாலே ஏறும்."

ஏறியது. சந்தையில் எல்லாரும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு முயல் தன் விலையைத் தானே ஏற்றிக் கேட்டது, சிங்கம் குறைத்துக் கேட்டது. "ஆர்கானிக்கை எடுத்துட்டுக் கணக்குப் போடு!" "முடியாது ராஜா, பிறவியிலேயே வந்தது!" "சரி, மலையையாவது கழிச்சுக்கோ!" "கழிச்சா ருசி போயிடும்!"

ராஜா கடைசியாக ஒரு வழி பிடித்தார். "கடையில உட்கார்ந்து தின்னாத்தானே இவ்வளவு பிடுங்கல்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நானே வறுத்துக்கிறேன்."

அதுவரை ரோஸ்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பவுனு தலையை நீட்டினாள். "அப்ப அது பார்சல். டப்பாவுக்கும் பைக்கும் தனி."

அண்ணாச்சி அவளைப் பெருமையாகப் பார்த்துவிட்டு அதையும் எழுதினார். ராஜா மடியை அவிழ்த்துப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் மடியைப் பார்த்தார். "அண்ணாச்சி, அரை பிளேட் கிடைக்குமா?"

"முயல்ல அரை கிடையாதுங்க."

ராஜா மடியை முடிந்துகொண்டார். பிறகு ஒரு பிளேட் இட்லி சொன்னார். இட்லியை நடுவில் நிறுத்திவிட்டு, "சாம்பார்" என்றார். இரண்டாவது தடவையும் "சாம்பார்" என்றார். அண்ணாச்சி முறைத்தார். "முறைக்கிறதுக்குக் காசு உண்டா?" என்று கேட்டார் ராஜா.

அதோடு முடிந்ததா? நாளைக்கு ராஜாவின் கண் தங்கள் மேல் விழுமே என்று மான்கள் சும்மா இருக்குமா? உட்கார்ந்த இடத்திலேயே அவை கழுத்தில் 'ஆர்கானிக்' அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டன. காட்டுப்பன்றி 'பாரம்பரியம்' என்றது. ஆர்கானிக் முயல் சாதாக் கேரட்டைத் தின்றால் ஆர்கானிக் போய்விடுமே என்று கேரட்டும் ஆர்கானிக் ஆனது. கேரட்டைப் பார்த்துத் தக்காளி, தக்காளியைப் பார்த்து நெய் என்று பலகை முழுக்க ஏறி, பழைய விலையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. பவுனு ரோஸ்ட்டைத் தின்று முடித்து ஏப்பம் விடுவதற்குள் அதுவும் ஆர்கானிக் நெய் ரோஸ்ட் ஆகியிருந்தது. தங்கப்பழத்திடம் அவ்வளவு காசு ஏது? அவன் தகராறு செய்யாமல், தானாகவே கொல்லைப்புறம் போய் மாவாட்ட உட்கார்ந்தான்.

இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறான், பாட்டுப் பாடிக்கொண்டே. வீட்டில் செண்பகவடிவுக்கு இப்போது தக்காளியைச் சுற்றவும் கட்டுப்படியாகவில்லை. ரசச் சட்டிக்குப் பக்கத்தில் குனிந்து "தக்காளி" என்று சொல்லிவிட்டு இறக்கிவிடுகிறாள். பவுனு தினமும் விடிந்ததும் ஓடிப்போய்ப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு வருவாள்.

"அப்பா, நாம இன்னிக்கும் ஏறியிருக்கோம்!" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

நீதி: விலைவாசி ஏறுகிறதே என்று அழாதீர்கள், உங்களைத் தின்ன நினைக்கிறவருக்கும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.